எட்டாவது இன்னிங்ஸில் ஒரு குளம்படி

டார்னெல் ஃபோர்டு, மொன்டானா
1989 ஏப்ரல் 11

மதிப்பிற்குரிய திரு. மெர்ல் ஹாக்ஸ்டாட் அவர்களுக்கு,

என்னை உங்களுக்குத் தெரியாது. நான் இந்த ஊர் நூலகத்தில் வேலை பார்க்கிறேன். நீங்கள் முன்பு ஆடிய கைகர் க்ரீக்கின் தபால் அலுவலகத்துக்கு எழுதி உங்கள் முகவரியை வாங்கினேன். இந்தக் கடிதத்தையே நான்கு முறை கிழித்துவிட்டு எழுதுகிறேன்.

எங்கள் டாப்பர்ஸ் பேஸ்பால் அணிக்கு இந்தக் கோடையில் ஐம்பது வயது நிறைகிறது. சர்க்கரை ஆலைக்காரர்கள் தொடங்கிய அணி. சர்க்கரை பீட் கிழங்கின் தலையைச் சீவும் டாப்பர் கத்தியைத் தொப்பியில் போட்டுக்கொண்ட அணி வேறெங்கும் இருக்க முடியாது. போர் வந்தபோது ஒரு முறையும், வீட்டுக்கு வீடு தொலைக்காட்சி வந்தபோது ஒரு முறையும் மூடினார்கள். இரண்டு முறையும் யாரோ நாலு பேர் சேர்ந்து மறுபடி திறந்தார்கள். இதையெல்லாம் ஒரு சிறு புத்தகமாக எழுதச் சொல்லியிருக்கிறார்கள். விழாக் குழுத் தலைவர் வெர்னன் ஸ்டப்ஸ் முடிதிருத்தகம் வைத்திருக்கிறார். "காலேஜுக்குப் போன பொண்ணு, நாலு பக்கம் எழுத மாட்டியா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார். என் குடும்பத்தில் கல்லூரிக்குப் போனது நான் மட்டும்தான். அதனால் எழுதுவது சம்பந்தப்பட்ட எல்லாமே என்னிடம் வந்துவிடுகிறது.

இந்த அணியிலிருந்து யாரும் பெரிய அணிக்குப் போய்ப் பெயர் வாங்கவில்லை. ஊருக்கென்று இருப்பது ஒரே ஒரு நாள்தான்: 1956 ஜூலை 8. அன்று க்ளைடு டென்ஹாம் ஆட்டம் முழுக்கப் பந்து வீசி, எதிரணிக்கு ஒரு ஹிட்கூடத் தரவில்லை. ஊர் நுழைவாயில் பலகையில் மக்கள்தொகைக்கு மேலே அதைத்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். எதிரணி உங்களுடையது. எட்டாவது இன்னிங்ஸில் நீங்கள் அடித்த பந்து இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு நடுவே ஷார்ட்ஸ்டாப் நின்றவரைத் தாண்டிப் போய், நீங்கள் முதல் தளத்தை எட்டினீர்கள். அன்று உங்கள் அணியில் தளத்தை எட்டியவர் நீங்கள் ஒருவர் மட்டுமே.

எனக்கு ஆட்டம் அதிகம் தெரியாது. தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். பிடிக்க வேண்டிய பந்தைத் தடுப்பவர் கோட்டைவிட்டால் அது அவருடைய பிழை. பந்து வீசியவர் தலையில் அது ஏறாது. ஆனால் தரையில் எதிலோ பட்டுப் பந்து தாறுமாறாகத் துள்ளிப் போயிருந்தால் அது அடித்தவருக்கு ஹிட். எது என்று முடிவு செய்வது மேலே கூண்டில் உட்கார்ந்து ஆட்டக் கணக்கு எழுதும் ஒரே ஒருவர். அன்று அந்த வேலையில் இருந்தவர் பல் மருத்துவர் க்ரோ. இறந்துவிட்டார். அவர் பிழை என்று எழுதினார்.

அப்போது டிக்கெட் விற்ற அம்மாள் ஒருவர் போன வாரம் என்னிடம், "அந்தப் பந்து தவளை மாதிரி எகிறுச்சும்மா" என்றார். சொன்ன பிறகு வாயைப் பொத்திக்கொண்டார். அதனால்தான் கேட்கிறேன். அது எப்படிப் போனது? மறந்திருந்தால் மன்னிக்கவும்.

இப்படிக்கு,
நடீன் ரைஸ்விக்


299 டயர்ஸ்
பேக்கர் சிட்டி, ஒரிகான்
ஏப்ரல் 20

மிஸ் ரைஸ்விக்,

மறப்பதாவது!

கடைத் தாளில் எழுதுகிறேன், வேறு தாள் கிடையாது. மேலே அச்சடித்திருக்கும் எண் கதவிலக்கம் இல்லை. நீ கடித உறையில் '299, மெயின் தெரு' என்று எழுதியிருந்தாய். அந்த எண்ணில் இங்கே சவ அடக்கக் கடை இருக்கிறது. அவர்கள் சிரித்துக்கொண்டே கொண்டுவந்து கொடுத்தார்கள்.

299 என்பது அந்த ஆண்டு என் சராசரி. ஆயிரம் வாய்ப்புக்கு முந்நூறு ஹிட் என்ற கணக்கில் அடித்தவனை மேல் அணி கூப்பிடும். 299 அடித்தவனிடம் நல்லா இரு என்று சொல்லும். இன்னும் ஒரே ஒரு ஹிட் இருந்திருந்தால் முந்நூறு. அக்டோபரில் எங்களில் ஒருவனை மட்டும் மேலே எடுத்தார்கள். என் பெட்டியைத் தூக்கக்கூட லாயக்கில்லாத ஆள் அவன். நான் டயர் மாட்டப் போனேன்.

பந்து எப்படிப் போனது என்று கேட்டாய். நாலு நாள் முன்னால்தான் அதே மைதானத்தில் உங்கள் ஊரில் காளையும் குதிரையும் அடக்கும் ரோடியோ நடத்தினீர்கள். காளையும் குதிரையும் மிதித்த தரை. மேலே மண்ணை வாரிப் போட்டு, ரோலர் உருட்டி, 'வாங்க ஆடலாம்' என்றீர்கள். என் பந்து ஒரு குளம்படியில் விழுந்து ஆள் தோளுக்கு மேலே எகிறியது. ஏணி வைத்தாலும் பிடிக்க முடியாது. அது ஹிட். முப்பத்துமூன்று வருஷமாக ஹிட். புத்தகத்தில் அப்படியே போடு.

இன்னொன்று. உன் கடிதத்தில் ஷார்ட்ஸ்டாப் நின்றவர் என்று வருகிறது, அவன் பெயர் எங்கேயும் இல்லை. கடைசியில் மட்டும் கையெழுத்தில் ரைஸ்விக் என்று போட்டிருக்கிறாய். அங்கே நின்றவன் பெயர் ஃபெலிக்ஸ் ரைஸ்விக். நான் டயர்காரன்தான், குருடன் இல்லை. யார் நீ, மகளா?

மகள் என்றால், அன்று அவன் கையை எங்கே வைத்தான் என்று கேள்.

மெர்ல் ஹாக்ஸ்டாட்


டார்னெல் ஃபோர்டு
ஏப்ரல் 29

மதிப்பிற்குரிய திரு. ஹாக்ஸ்டாட் அவர்களுக்கு,

மகள்தான். மறைக்க நினைத்ததற்கு வெட்கப்படுகிறேன். சவ அடக்கக் கடைக்காரர்களிடமும் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தை நூலகத்தில் புத்தக அலமாரிக்குப் பின்னால் நின்றபடியே படித்தேன். குளம்படி என்ற இடத்துக்கு வந்ததும் உட்கார்ந்துவிட்டேன். இந்த ஊரில் என் அப்பாவை என்னவென்று கூப்பிடுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது. 'ஓட்டைக்கை ஃபெலிக்ஸ்.' கெட்ட எண்ணத்தோடு சொல்வதில்லை, சிரித்துக்கொண்டுதான் சொல்வார்கள். சர்ச்சில் அப்பம் கொடுக்கும்போது, "ஃபெலிக்ஸ், கீழ போட்டுராத" என்பார்கள். நான் பிறந்தபோது செவிலி அவர் கையில் என்னைக் கொடுக்கவே யோசித்தாராம். க்ளைடு டென்ஹாமின் ஆட்டம், எதிரணியில் ஒருவர்கூடத் தளத்தை எட்டாத அப்பழுக்கற்ற ஆட்டமாக ஆகாமல் கெட்டது அப்பா ஒருவரால்தான் என்பது இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். என் வகுப்பில் எனக்குப் பந்து போடவே மாட்டார்கள். ரைஸ்விக் குடும்பத்துக்குக் கை வராது என்று பேச்சு.

அப்பா மைதானத்துக்குப் போவதே இல்லை. ஆலையில் இயந்திரம் பழுதுபார்க்கும் வேலை, விட்டால் வீடு. வானொலியில் ஆட்டம் வந்தால் எழுந்து போய்த் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுவார். அவமானம் என்று நானே முடிவு கட்டியிருந்தேன்.

அதனால் ஹிட் என்றே போடப் போகிறேன். வெர்னன் ஸ்டப்ஸிடம் சொல்லிவிட்டேன். அப்போது அவர் ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார், கத்தியை அப்படியே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நாற்காலியில் இருந்தவர் பாவம், மூச்சுகூட விடவில்லை. "பலகைக்கு இப்பத்தான் புது பெயின்ட் அடிச்சோம். க்ளைடு டெக்ஸஸ்லேருந்து கிளம்பி வரப் போறான். வந்தவன்கிட்ட என்ன சொல்றது, நீ ஒண்ணும் பண்ணலடான்னா?" என்றார். ஆனால் உண்மையைத்தானே எழுத வேண்டும்?

கையைப் பற்றி அப்பாவிடம் கேட்கவில்லை. இரண்டு முறை சமையலறை வரை போனேன். நீங்களே சொல்லிவிடுங்களேன்.

நடீன் ரைஸ்விக்


299 டயர்ஸ்
மே 6

மிஸ் ரைஸ்விக்,

சரி, நானே சொல்கிறேன்.

முதல் தளத்தைத் தாண்டி ஓடித் திரும்பினேன். பந்து புல்லில் கிடந்தது. மேலே கூண்டில் அந்தப் பல் டாக்டர் எழுந்து நின்று உன் அப்பனையே பார்த்துக்கொண்டிருந்தார். உன் அப்பன் அவரைப் பார்த்து இப்படி, உள்ளங்கையால் தன் நெஞ்சில் இரண்டு தட்டுத் தட்டினான். என்னுடையது, என் தப்பு என்று அர்த்தம். டாக்டர் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். ஸ்கோர் பலகையில் பிழை என்ற தகரத்தைத் தொங்கவிட்டார்கள். நான் கத்தினேன். நடுவர் என்னை வாயை மூடச் சொன்னார்.

அப்படித்தான் உன் அப்பன் என் ஹிட்டை எடுத்துத் தன் சிநேகிதனுக்குக் கொடுத்தான். பெரிய மனசு என்று நீ சொல்வாய். நான் சொல்கிறேன்: அவன் கொடுத்தது அவனுடையது இல்லை. என்னுடையது.

உன் அப்பனை ஊர் கேலி செய்தது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கொஞ்சம் குறைத்துத் திட்டியிருப்பேன். ஆனால் திட்டியிருப்பேன்.

மெர்ல் ஹாக்ஸ்டாட்


டார்னெல் ஃபோர்டு
மே 21

மதிப்பிற்குரிய திரு. ஹாக்ஸ்டாட் அவர்களுக்கு,

கேட்டுவிட்டேன்.

ஆலை வாசலிலிருந்து அப்பாவைக் கூட்டிக்கொண்டு வரும் வழியில், வண்டிக்குள் வைத்துக் கேட்டேன். வண்டியில் இருவரும் ரோட்டைப் பார்த்தபடி பேசலாம், முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. அப்பாதான் ஓட்டினார். நான் உங்கள் பெயரைச் சொல்லி, நெஞ்சில் தட்டியதைச் சொன்னேன். மழையே இல்லை, ஆனால் அப்பா கண்ணாடி துடைப்பானைப் போட்டார். அது கொஞ்ச நேரம் வெறும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தது.

பிறகு சொன்னார். க்ளைடு அந்தக் கோடையில் எங்கள் வீட்டு நிலவறையில்தான் தங்கியிருந்தாராம். வெளியூர் ஆட்டக்காரர்களை இங்கே வீட்டுக்கு ஒருவராக வைத்துக்கொள்வது அப்போதும் வழக்கம், இப்போதும் வழக்கம். "திங்கக்கிழமை அவனை ஊருக்கு அனுப்பிடப் போறோம்னு மேனேஜர் என்கிட்ட சொல்லிட்டாரு. அவனுக்குத் தெரியாது. அவன் பொண்டாட்டி மாசமா இருந்தா. பந்து என் தோளைத் தாண்டிப் போச்சு, டாக்டர் என்னைப் பாத்தாரு, நான் கையை வெச்சேன். அவ்வளவுதான் பாப்பா."

அந்த ஆட்டத்துக்குப் பிறகு க்ளைடை வெளியேற்ற யாருக்கும் மனம் வரவில்லை. இன்னும் இரண்டு ஆண்டு இங்கேயே வீசினார். அவர் மகள் இங்கேதான் பிறந்தாள்.

ஊர் முழுக்க ஓட்டைக்கை என்றதே, கோபம் வரவில்லையா என்று கேட்டேன். "சொன்னா சொல்லிட்டுப் போறாங்க. என் கை எனக்குத் தெரியாதா?" என்றார். பிறகு ஏன் மைதானத்துக்குப் போவதில்லை என்றேன். அதற்கு அவர் சொன்ன பதில்: "போனா கேப்பாங்க. எனக்குப் பொய் சொல்ல வராது." இருபத்துமூன்று ஆண்டு ஒரே வீட்டில் இருந்தும், வானொலியில் ஆட்டம் வந்ததும் அவர் எழுந்து போனது அவமானத்தால் என்று நினைத்திருந்தேன். அன்று எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அப்புறம் உங்கள் 299-ஐச் சொன்னேன். உங்கள் கடிதத்தில் அந்த வரியை, கொடுத்தது அவனுடையது இல்லை என்ற வரியை, அப்படியே படித்துக் காட்டினேன். அப்பா வண்டியை ஓரங்கட்டினார். "அந்த ஆளை நான் நெனச்சே பாக்கல" என்றார். அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

மறுநாள் காலையில் என்னிடம் ஒன்று கேட்டார். க்ளைடு இங்கே வரப்போகிறார், வயதாகிவிட்டது, மனைவியும் போய்விட்டார், அவரிடம் மிச்சம் இருப்பது அந்த ஒரு ஆட்டம்தான், புத்தகத்தில் அதை எடுத்துவிடாதே என்றார். அப்பா என்னிடம் எதையும் கேட்டதே இல்லை. கல்லூரிக்குப் போ என்றுகூடக் கேட்கவில்லை, பெட்டியை மட்டும் வாங்கி வந்து கட்டில் மேல் வைத்தார்.

அதனால் பிழை என்றே விடப் போகிறேன். உங்களுக்கு நான் கொடுத்த வார்த்தையை மீறுகிறேன். மன்னிப்பீர்களா என்று கேட்க எனக்கு உரிமை இல்லை.

நடீன்


299 டயர்ஸ்
மே 29

மிஸ் ரைஸ்விக்,

நல்ல குடும்பம். அப்பன் என் பொருளைத் தானம் செய்தான், மகள் அதை மூடி வைக்கிறாள். உங்கள் இருவர் மனசும் தங்கம். நான் ஒருத்தன்தான் கெட்டவன்.

இனி எழுத வேண்டாம்.

மெ. ஹா.


டார்னெல் ஃபோர்டு
ஜூன் 19

மதிப்பிற்குரிய திரு. ஹாக்ஸ்டாட் அவர்களுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதுகிறேன். இதைப் படிக்காமல் கிழித்தாலும் சரிதான், ஆனால் கூட வைத்திருக்கும் அச்சுத்தாளை மட்டும் பாருங்கள்.

உங்கள் கடைசிக் கடிதத்தை அப்பாவிடம் காட்டக் கூடாது என்று நினைத்து, பிறகு காட்டினேன். அப்பா படிப்பதற்கு நேரம் ஆகும், உதடு அசையும். படித்து முடித்து, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து வேலை முடிந்ததும் வீட்டுக்கு நேராக வரவில்லை. எங்கே போகிறார் என்று பார்க்க அம்மா என்னை அனுப்பினார். மைதானத்தில் இருந்தார். ஆளில்லாத மைதானத்தில், ஷார்ட்ஸ்டாப் நிற்கும் இடத்தில், சாப்பாட்டு டப்பாவைக் கீழே வைத்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

என்னைப் பார்த்ததும், "எழுது பாப்பா" என்றார். "ரெண்டு பேருக்கும் நியாயமா எழுத முடியுமான்னு பாரு. அதைத்தானே காலேஜ்ல சொல்லிக் குடுத்திருப்பாங்க."

அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எத்தனை விதமாக எழுதிப் பார்த்தேன் என்று எண்ணவில்லை. ஹிட் என்று போட்டால் க்ளைடின் ஆட்டம் போய்விடுகிறது. பிழை என்று போட்டால் உங்களுடையது போய்விடுகிறது. நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டால் என்ன என்று கடைசியில் தோன்றியது. அப்படித்தான் இந்தப் பக்கம் வந்தது. பாருங்கள்:

"எட்டாவது இன்னிங்ஸ். மெர்ல் ஹாக்ஸ்டாட் அடித்த பந்து, ரோடியோவில் குதிரை விட்டுப்போன குளம்படியில் பட்டுத் தோளுக்கு மேல் எகிறியது. அதைப் பிடிக்க யாராலும் முடியாது. பிழை: ஃபெலிக்ஸ் ரைஸ்விக், தானே கேட்டு வாங்கியது."

வெர்னன் ஸ்டப்ஸ் இதைப் படித்துவிட்டு, இதற்குப் பதில் நீ பார்வையாளர் மேடையையே கொளுத்திவிட்டுப் போயிருக்கலாம் என்றார். இரண்டாம் முறை படித்தார். பிறகு, "க்ளைடு கிட்ட யாரு சொல்றது?" என்று கேட்டார். யாருக்கும் துணிவு இல்லை. புத்தகம் அச்சாகிவிட்டது, அவர் கடையில் பவுடர் டப்பாக்களுக்குப் பக்கத்தில் பெட்டி பெட்டியாக இருக்கிறது. க்ளைடு அதை மைதானத்தில் உட்கார்ந்துதான் முதல் முறை படிப்பார். முப்பத்துமூன்று ஆண்டாக ஒரு மனிதர் தன்னுடையது என்று வைத்திருந்ததை, ஊர் முன்னால் நான் எழுதிய வரி பறித்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. தூக்கத்தில் அந்த வரியைத் திருத்திக்கொண்டே இருக்கிறேன்.

விழா ஜூலை 8. நீங்கள் வர வேண்டும். எங்கள் வீட்டு நிலவறை காலியாக இருக்கிறது. அம்மா முட்டைக்கோஸ் அடைத்த ரொட்டி சுடுவார். அப்பா பேருந்து நிறுத்தத்தில் காத்திருப்பதாகச் சொல்லச் சொன்னார். நீங்கள் வராவிட்டாலும் காத்திருப்பாராம்.

நடீன்


299 டயர்ஸ்
ஜூன் 27

மிஸ் ரைஸ்விக்,

வருகிறேன். உன் அப்பனோடு கை குலுக்குவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

முட்டைக்கோஸ் எனக்கு ஒத்துக்கொள்ளாது.

மெ. ஹா.


டார்னெல் ஃபோர்டு
ஜூலை 13

அன்புள்ள திரு. மெர்ல்,

காலைப் பேருந்தில் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிட்டீர்கள். நிலவறைப் படுக்கையை அம்மா பார்த்துவிட்டு, ராணுவத்தில் இருந்தவர் போலிருக்கிறது, போர்வையில் ஒரு மடிப்பு இல்லை என்றார். ரொட்டித் தட்டும் காலியாக இருந்தது என்றார். ஒத்துக்கொண்டதா?

உங்கள் காதில் விழாத ஒன்றை எழுதத்தான் இந்தக் கடிதம்.

ஒலிபெருக்கி முன்னால் நான் போய் நின்றபோது கூட்டத்தின் முகங்கள் எதுவும் எனக்குத் தெரியவில்லை. வெர்னன் என்னைத்தான் படிக்கச் சொன்னார், எழுதினவள்தான் படிக்க வேண்டும் என்று. என்னைப் பழிவாங்குகிறார் என்று நினைத்தேன். எட்டாவது இன்னிங்ஸ் வரை எப்படியோ படித்துவிட்டேன். "தானே கேட்டு வாங்கியது" என்று முடித்தபோது பாப்கார்ன் இயந்திரம் மட்டும் வெடித்துக்கொண்டிருந்தது. நான் க்ளைடைப் பார்க்கவில்லை. தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது நீங்கள் அந்தக் கோடியில், எதிரணிப் பக்கம் நின்றுகொண்டிருந்தீர்கள். அதனால் இது உங்களுக்குக் கேட்டிருக்காது. க்ளைடு மெதுவாக எழுந்தார். கைத்தடியை ஊன்றிக்கொண்டு அப்பா பக்கம் வந்தார். அப்பா தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் தப்புச் செய்த பையன்போல நின்றார்.

"ஃபெலிக்ஸ்," என்றார் க்ளைடு, "ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஆரஞ்சுப் பெட்டி வருதுல்ல?"

வரும். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து டெக்ஸஸிலிருந்து ஒரு பெட்டி வரும். சீட்டு எதுவும் இருக்காது. அவர் தோட்டத்து ஆரஞ்சு.

"வருது" என்றார் அப்பா.

"எதுக்குன்னு நெனச்ச?"

"உனக்கு மிஞ்சிப்போச்சுன்னு நெனச்சேன்."

க்ளைடு சிரிக்க ஆரம்பித்தார். தடியை விட்டுவிட்டு, அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நான் வீசுற மேட்டுலதான்டா நின்னேன். பந்து எங்க பட்டுதுன்னு எனக்குத் தெரியாதா? நீ நெஞ்சுல தட்டுனது எனக்குத் தெரியாதா? நீ வாயத் தொறக்க மாட்டேங்குற, நான் எப்பிடிடா தொறக்குறது?"

பிறகு என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும். அவர் மூன்றாம் தளத்தைத் தாண்டி உங்களிடம் வந்தார். உங்களிடம் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. நீங்கள் தொப்பியைக் கழற்றியதை மட்டும் பார்த்தேன். கூட்டம் எழுந்து நின்றது. டிக்கெட் விற்ற அம்மாள், "அன்னிக்கு ஹிட்டுன்னு கத்தின இவரைத் திட்டினதுல நானும் உண்டு" என்று அழுதுகொண்டே கைதட்டினார்.

ஆனால் எனக்குப் பிடித்தது அதற்கப்புறம் நடந்ததுதான். ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் நீங்களும் அப்பாவும் ஷார்ட்ஸ்டாப் இடத்தில் நின்று குளம்படி எங்கே இருந்தது என்று சண்டை போட்டீர்களே! அப்பா இங்கே என்றார், நீங்கள் அங்கே என்றீர்கள். நடுவே ஒரு மாடு படுக்கலாம், அவ்வளவு தூரம். "நான்தானய்யா அடிச்சேன்" என்றீர்கள் நீங்கள். "நான்தானே கோட்டை விட்டேன்" என்றார் அப்பா. நடுவர் வந்து இருவரையும் விரட்டினார். அப்பா இவ்வளவு உரக்கப் பேசி நான் கேட்டதே இல்லை. இவ்வளவு அசட்டுத்தனமாகச் சிரித்தும் பார்த்ததில்லை.

அடுத்த நாள் ஆட்டத்துக்கும் அப்பா போனார். அதற்கடுத்த நாளும். இடைவேளையில் யாரோ "ஓட்டைக்கை" என்று கூப்பிட, "என்ன?" என்று நிதானமாகத் திரும்பிப் பார்த்தார். கூப்பிட்டவர்தான் சங்கடப்பட்டார்.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். அன்று முழுக்க நெஞ்சிலிருந்து ஒரு கல்லை இறக்கிவைத்ததுபோல இருந்தேன். தூக்கத்தில் அந்த வரியைத் திருத்துவது நின்றுவிட்டது.

ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அன்று ஆடிய இரண்டு அணிகளின் சராசரிகளும் இருக்கின்றன. அடுத்த பதிப்பில் உங்கள் பெயருக்கு நேராக முந்நூறு என்று போடவா? குழு ஒத்துக்கொண்டுவிட்டது. வெர்னன்கூட.

அன்புடன்,
நடீன்


299 டயர்ஸ்
பேக்கர் சிட்டி
டிசம்பர் 18

நடீன்,

தாமதம்தான். பனி விழுந்தால் டயர்கடைக்காரனுக்குத் திருவிழா, பேனா பிடிக்க நேரமில்லை.

க்ளைடு என்னிடம் என்ன சொன்னான் என்று நீ கேட்கவில்லை, ஆனால் கேட்க ஆசைப்படுகிறாய் என்று தெரிகிறது. "அன்னைக்கு நீ நல்லா அடிச்ச" என்றான். அவ்வளவுதான். அதைக் கேட்கத்தான் இவ்வளவு வருஷம் கத்திக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. கேட்டதும் வேறு எதுவும் தேவைப்படவில்லை. எனக்கே எரிச்சலாக இருந்தது.

முந்நூறு வேண்டாம். கடைப் பெயர்ப் பலகையை மாற்ற வேண்டியிருக்கும். வாடிக்கையாளர் யாரும் கண்டுபிடிக்க முடியாது. அதைவிட, 299 என்றால் என்ன என்று யாராவது கேட்டால் சொல்ல எனக்கு ஒரு கதை இருக்கிறது. முந்நூறு அடித்தவனுக்கு என்ன கதை இருக்கிறது? கதையின் முடிவை மட்டும் மாற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. முன்பெல்லாம் ஒரு திருடனோடு முடியும். இப்போது முடிவில் மூன்று கிழவர்கள் வருகிறார்கள். கேட்கிறவர்கள் அதிகம் சிரிக்கிறார்கள்.

குளம்படி நான் சொன்ன இடத்தில்தான் இருந்தது. உன் அப்பாவிடம் சொல்.

முட்டைக்கோஸ் ஒத்துக்கொண்டது. உன் அம்மாவிடம் சொல்.

நேற்றுக் கடை வாசலில் ஒரு மரப்பெட்டியை இறக்கிவிட்டுப் போனார்கள். டயர் விற்கிற கம்பெனி எதுவோ அனுப்பியது என்று நினைத்துப் பெயரைத் தேடினேன். பெயர் இல்லை, சீட்டும் இல்லை. டெக்ஸஸ் முத்திரை மட்டும் இருந்தது. திறந்தேன். கடை முழுக்க ரப்பர் வாசனையை மீறி ஆரஞ்சு வாசனை.

ஒன்றை உரித்து, இதை எழுதிக்கொண்டே தின்கிறேன். தாளில் கறை இருந்தால் அதுதான்.

உன் அப்பா நினைத்தது தப்பு. மிஞ்சியதை க்ளைடு அனுப்புவதில்லை. நல்லதாகப் பார்த்துத்தான் பொறுக்குகிறான்.

மெர்ல்